சல்லடையில் தள்ளிய சத்தம்

செத்துப்போன ஹார்ட் டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்டுத் தரும் தொழிலில், கிடைக்காததைவிடக் கிடைப்பதுதான் பெரிய தொல்லை. தாம்பரத்தில் கடை போட்ட நாளிலிருந்து படுகிறேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லட்சக்கணக்கில் கொட்டும், பெரும்பாலும் மென்பொருளோடு வந்த கோப்புகள்.

அதற்குத்தான் ஹாஷ். கோப்பின் உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டு எடுக்கும் நீண்ட எண், கைரேகை மாதிரி. பெயரை மாற்றினாலும் அது மாறாது. ஊரறிந்த மென்பொருள்களின் ஹாஷ் பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்துவதைத் தள்ளிவிட்டால் மிச்சமெல்லாம் வாடிக்கையாளருடையது. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பொத்தேரி நோட்ஸ்

பொத்தேரியில் படிக்கும் மாணவன் ஒருவன் அப்பாவோடு வந்தான். ‘செமஸ்டர் நோட்ஸ்’ என்று பெரிய கோப்பு இருந்ததாமே, அது வரவில்லையே என்று அப்பாவுக்குக் கவலை. தேடினேன். பெயர்தான் நோட்ஸ், ஹாஷ் ஒரு கார் பந்தய விளையாட்டினுடையது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் மேஜைமேல் குனிந்தான்.

“அக்கா, கிடைக்கலன்னே சொல்லிடுங்க. நான் திரும்ப எழுதிக்கிறேன்.”

ஸ்டெல்லா டீச்சரின் டிஸ்க்

சிட்லபாக்கம் சாமுவேல் சார் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ஸ்டெல்லா டீச்சர் போன வருஷம் தவறிவிட்டார். டீச்சரின் பழைய கம்ப்யூட்டரில் அவர் குரல் எங்காவது பதிவாகியிருக்குமா என்பது ஒன்றுதான் சாருக்கு வேண்டும். சலித்துப் பார்த்தேன். வினாத்தாள்கள், சர்ச் பாட்டுகள், போட்டோக்கள். குரல் மட்டும் இல்லை. தயங்கித்தான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

“ரெக்கார்ட் பண்ண விடவே மாட்டாம்மா. கொயர்ல தன் குரல் தனியா கேக்கக் கூடாதும்பா.”

திரும்பி வந்த சார்

மறுவாரம் மறுபடி வந்தார். மீட்டுக் கொடுத்ததில் ஒன்று குறைகிறதாம்; கம்ப்யூட்டரை ஆன் பண்ணியதும் சின்னதாய் ஒரு இசை வருமே, அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எல்லார் கம்ப்யூட்டரிலும் வருவது சார், அதனால் பட்டியல் தள்ளிவிட்டது என்றேன். ஆனாலும் தள்ளியதிலிருந்து தேடி எடுத்து ஓடவிட்டேன். சில நொடிதான். வெளியே பஸ் ஹாரன் அலறியது. அவர் ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன்.

“ஸ்கூல்லேர்ந்து வந்ததும் முதல்ல கம்ப்யூட்டரைத்தான் போடுவா. கிச்சன்ல எனக்கு இது கேக்கும். காபிக்கு இன்னொரு டம்ளர் எடுத்து வெப்பேன்.”

அன்றிலிருந்து தள்ளியதையும் தனி ஃபோல்டரில் போட்டே கொடுக்கிறேன். ஊருக்கே பொதுவானதில் எது யாருடையது என்று சொல்லும் பட்டியல் என் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை.