ஒரே வைஃபையில் இரண்டு பேர்

நான் கெட்டிக்காரன் என்று நம்புவதற்கு என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆதாரம்தான் இருந்தது. போனில் விளையாடும் போக்கர். காசு வைக்கிற மேசை இல்லை, சும்மா தருகிற பொய்க்காசுச் சிப்ஸ்தான். ஆனாலும் இரண்டு வருடத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்கக் கிரீடம் ஏறியிருந்தது. பிக்கரிங்கிலிருந்து நகரத்துக்கு வேலைக்குப் போகிற ரெயினில், பக்கத்தில் இருப்பவருக்கும் கிரீடம் தெரியட்டும் என்று போனைக் கொஞ்சம் சரித்தே பிடிப்பேன்.

எங்கள் வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிற தம்பிக்கும் நான்தான் அந்த விளையாட்டைப் பழக்கினேன். தம்பி என்றாலும் நாற்பது வயது, பார்மஸியில் வேலை. இந்த ஊரில் பேஸ்மென்ற் கொடுத்தால் வைஃபையும் சேர்த்துக் கொடுப்பதுதானே வழமை. சனிக்கிழமைகளில் அவர் கீழே, நான் மேலே, முகம் தெரியாத நாலைந்து பேரோடு ஒரே மேசையில் விளையாடுவோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆப்பைத் திறந்தால் கிரீடமும் இல்லை, மேசையும் இல்லை. ஒரு ஈமெயில் வந்திருந்தது. நானும் இன்னொருவரும் ஒரே இன்ரநெற்றிலிருந்து கூட்டுச் சேர்ந்து விளையாடுவதாகச் சந்தேகமாம். அக்கவுன்ற் நிறுத்தியாயிற்றாம். விளக்கம் இருந்தால் ஒரு கிழமைக்குள் எழுத வேண்டுமாம்.

எங்கள் ஆட்கள் பாஷையில் சொன்னால், நான் அளாப்பி, விளையாட்டில் களவு செய்கிறவன். 304 சீட்டு விளையாடுகிற இடங்களில் இந்த ஒரு சொல்லுக்காக மச்சான்மார் வருடக்கணக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள். முகத்துக்கு நேரே சொல்கிற ஆளென்றால் சண்டையாவது பிடிக்கலாம். இங்கே தாளைக் கலைத்ததும் கம்பியூட்டர், களவு பிடித்ததும் கம்பியூட்டர். யாருடைய சேர்ட்டைப் பிடிக்கிறது?

நீளமாக எழுதினேன். கீழே தனி வாசல், தனிக் குசினி, தனி மனிதர் என்று. பதில் உடனே வந்தது. அந்த விளையாட்டுக்காரர் மற்ற எல்லாரோடும் விடாமல் மோதுகிறார், நீங்கள் பந்தயத்தை ஏற்றினால் மட்டும் நல்ல தாளையும் போட்டுவிட்டு விலகுகிறார், ஏன்?

எனக்கே அது புதினமாக இருந்தது. கீழே இறங்கிப் போனேன். தம்பி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் ஏத்தினால் நீர் ஏன் தாளைப் போடுறீர்?"

அவர் அடுப்பைக் குறைத்தார். "வீட்டுக்கார அண்ணை ஏத்தேக்கை நான் எப்பிடித் திருப்பி ஏத்துறது? ஒரு மரியாதை இருக்கெல்லே."

"உது போக்கர். உதிலை என்ன மரியாதை?"

"ஓம் அண்ணை."

"அப்ப நான் வெண்டதெல்லாம்?"

"எல்லாம் இல்லை அண்ணை." ஒரு துண்டைப் பிரட்டிப் போட்டார். "மற்ற ஆக்களிட்டையும் வெண்டனீங்கள்தானே. இடைக்கிடை."

அந்த 'இடைக்கிடை' என்னைப் பிடித்துக்கொண்டது. மேலே ஓடிப்போய் உண்மையான காட்ஸ் கட்டு ஒன்றை எடுத்துவந்தேன். மரியாதை பார்ப்பதில்லை என்று அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு பத்து ஆட்டம் போட்டோம். பத்திலும் நான்தான் வென்றேன். கடைசியில் அவர் கவிழ்த்து வைத்த தாள்களைத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு ஆஸ், போக்கரில் முதலில் கைக்கு வரக்கூடிய மிகப் பெரிய சோடி.

"கை தவறிப் போட்டிட்டன் அண்ணை" என்றார்.

அந்தக் கிழமை முழுவதும் ரெயினில் போனை வெறுமனே பார்த்துக்கொண்டு போனேன். பொய் எழுத மனம் வரவில்லை. உண்மையை எழுதினாலோ, களவை நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அதோடு, நான் நல்லாய் விளையாடுகிறவன் என்று எழுத இப்போது எனக்கே துணிவில்லை. மரியாதையை எப்படி ஒரு கம்பியூட்டருக்கு நிரூபிப்பது? நாலு வரி எழுதுவேன், ஐந்து வரி அழிப்பேன்.

கடைசி நாள் தம்பியே மேலே வந்தார். முகத்தில் பெரிய சிரிப்பு.

"அண்ணை, நீங்கள் யோசிக்காதையுங்கோ. நான் அவங்களுக்கு எழுதிப் போட்டிட்டன்."

"என்னெண்டு?"

"அண்ணையிலை ஒரு பிழையும் இல்லை, தங்கமான மனுசன். நான்தான் வேணுமெண்டு விட்டுக் குடுத்தனான், இனியும் விட்டுக் குடுப்பன் எண்டு."

அவர் சொல்லி முடிக்கவில்லை, என் போன் சிணுங்கியது. உங்கள் தரப்பின் நேர்மைக்கு நன்றி என்று தொடங்கியிருந்தது ஈமெயில். அக்கவுன்ற் இரண்டும் நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டன என்று முடிந்திருந்தது.

தம்பி என் தோளுக்கு மேலால் எட்டி முதல் வரியை மட்டும் வாசித்தார். "பாத்தீங்களே அண்ணை, நன்றியெல்லாம் சொல்லியிருக்கிறாங்கள்."

"ஓம் தம்பி" என்றேன். மிச்சத்தை வாசித்துக் காட்ட மரியாதை விடவில்லை.