கூட வந்தவள்

பேய் வருவதற்கு ராத்திரி வேண்டாம், கண்ணுகளா. நான் பார்த்தது பட்டப்பகலில். தென்காசிப் பக்கம் ஒரு அரசு ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவு வாசலில், மர பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்த்தேன். அங்கே போகிறவள் சொல்வதை நம்புவதா என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் போனதிலிருந்தே வராது. மற்றபடி புத்தியில் குறை இல்லை. கண்ணிலும் குறை இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் புரை எடுத்திருந்தேன்.

இரண்டு வருடம் ஆகிறது. ஆடி மாதம். குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது, சாரல் தென்காசி வரை அடிக்கிறது. மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. போடலாம் என்றால் கரண்ட் இல்லை.

அந்தப் பிரிவில் ஜெனி என்று ஒரு பெண் உளவியலாளராகப் புதிதாக வந்திருந்தாள். மருந்து எழுதுகிற டாக்டர் வேறு. இவள் நம்மைப் பேசவைத்துக் கேட்கிறவள். இவளையும் நாங்கள் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவோம். வந்ததும் ஒரு சட்டம் போட்டாள். யாராக இருந்தாலும் முதலில் தனியாகத்தான் பார்ப்பாள். "கூட வந்தவங்க வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள்.

அன்று வாசலில் நானும் உதவியாளர் துல்கர்னைனும் மட்டும்தான்.

"என்ன ஆச்சி, நேத்தாவது தூங்குனியளா?"

"நீ இங்கன உக்காந்து தூங்குதியே, அதுல பாதிய எனக்குக் குடுலே."

அவன் சிரித்துக்கொண்டே டீ குடித்தான். அப்போதுதான் பரமசிவன் வந்தான். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடைக்காரன். சாரலிலும் மடிப்புக் கலையாத சலவைச் சட்டை. பின்னால் அவன் மனைவி வேல்விழி, குனிந்த தலை நிமிராமல். கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும்.

அவளுக்கும் பின்னால் இன்னொருத்தி வந்தாள். தலையிலிருந்து சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள். அருவியில் குளித்துவிட்டு அப்படியே வந்துவிட்டாள் போல, அக்காவோ மதினியோ என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெனி அறைக் கதவைத் திறந்து வந்து என்ன என்று கேட்டாள். வேல்விழி வாயைத் திறக்குமுன் பரமசிவனே எல்லாவற்றையும் சொன்னான்.

"அடுக்களைல நின்னு தனியாப் பேசுதா டாக்டரம்மா. ஆளில்லாத இடத்தப் பாத்துப் பதில் சொல்லுதா. உசுர மாய்ச்சிக்கிடுவாளோன்னு இருக்கு. புத்தி சரியில்லன்னு ஒரு சீட்டு எழுதித் தந்துருங்க. பொறவு ஒண்ணு ஆச்சுன்னா எம்மேல பழி வரக்கூடாதுல்லா."

"அவங்க சொல்லட்டும். கூட வந்தவங்க வெளிய இருங்க."

"நான் இல்லாம அவளுக்குப் பேச வராதும்மா."

"வரும்."

வேல்விழியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

பரமசிவன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுக்கு அந்தப் பக்கம் நனைந்தவள் உட்கார்ந்தாள். டப்... டப்... முந்தானையிலிருந்து தண்ணீர் விழுகிற சத்தம். காற்று என் சேலையைத் தூக்கி அடிக்கிறது. அவள் முந்தானை அசையவில்லை. வலது காதில் ஒரு சிவப்புக் கல் கம்மல். இடது காது... அறுந்து தொங்கியது. பாசி நாற்றம் அடித்தது.

மனது கேட்கவில்லை எனக்கு.

"ஏ பிள்ள, துண்டு தரட்டா?"

அவள் திரும்பவில்லை. பரமசிவன் திரும்பினான்.

"யார்ட்ட பேசுதீய?"

"ஒங்ககூட வந்தவகிட்டதான் தம்பி."

அந்தப் பக்கம் பார்த்தான். என்னைப் பார்த்தான். சிரித்தான்.

"மாத்திரைய ஒழுங்கா முழுங்குங்க ஆச்சி."

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். வாசலிலிருந்து சேறு பதிந்த தடங்கள். அவனுடையது இருந்தது. வேல்விழியுடையது இருந்தது.

மூன்றாவது தடம் இல்லை.

உள்ளே வேல்விழி அழுகிற சத்தம் கேட்டது. பரமசிவனின் சிரிப்பு நின்றது. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைய எழப் பார்த்தான்...

எழ முடியவில்லை.

அவன் தோளில் அவள் கை. சலவைச் சட்டையில் ஈரம் ஊறியது. ஐந்து விரலாக ஊறியது.

"யாரு பிடிக்கா?" என்றான்.

என் இரண்டு கையும் என் மடியில் இருந்தன.

அவள் அவன் காதோரம் குனிந்தாள். உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.

அவனுக்குக் கேட்டது.

"இல்ல..."

டப்...

"நீதான் வழுக்குன..."

டப்... டப்...

"கத்தாதட்டீ... இங்கன யாரும் வரமாட்டாவ..."

டப்...

"ஆமா. தள்ளுனேன்."

கதவு திறந்தது. ஜெனி, அவள் பின்னால் வேல்விழி, இந்தப் பக்கம் துல்கர்னைன். மூன்று பேரும் ஒன்றைத்தான் பார்த்தார்கள். பரமசிவன், ஆளில்லாத இடத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.

நான் மட்டும் அவளைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த கோபம் என்மேல் இல்லை என்று தெரிந்தது. இருந்தாலும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

திறந்தபோது பெஞ்சில் ஈரம் மட்டும்தான் இருந்தது.

அறுந்த காதைப் பற்றி நான் சொன்னதும் துல்கர்னைன் கையிலிருந்த டீ கிளாஸ் கீழே விழுந்து உடைந்தது.

"ஆச்சி... அது முத்துவடிவு. இந்தாளுக்கு மொதப் பொண்டாட்டி. இதே வாசலுக்குத்தான் கூட்டிட்டு வருவான். அப்ப ஜெனி மேடம் வரல. கூடவே உள்ள போவான், அவனே பேசுவான். 'தனியாப் பேசுதா'ம்பான். அந்தப் பிள்ள வாய் தொறந்து நான் கேட்டதே இல்ல. பொறவு குற்றாலத்து மலைமேல ஒரு தடாகத்துல மெதந்தா. புத்தி சரியில்லாதவ, தானா விழுந்துட்டான்னு முடிச்சிட்டாவ. எடுக்கும்போது ஒரு காதுலதான் கம்மல் கிடந்துச்சாம்."

வேல்விழி இப்போது கீழப்பாவூரில் அம்மா வீட்டில் நன்றாக இருக்கிறாள். ஒருநாள் அவளே என்னிடம் சொன்னாள்.

"அடுக்களைல நான் பேசுனது அந்த அக்காகிட்டதான் ஆச்சி. வந்தா ஒண்ணேதான் சொல்லுவாவ. 'ஒன்னையும் அங்கன கூட்டிட்டுப் போவான். கதவச் சாத்துனதும் எல்லாத்தையும் சொல்லிருட்டீ. எனக்குக் கதவச் சாத்த ஆளில்லாமப் போச்சு.'"

பரமசிவன்மேல் வழக்கு நடக்கிறது. ஆனால் அவன் நிதானத்தில் இல்லை. மாதாமாதம் அவன் அண்ணன் அதே வாசலுக்குக் கூட்டிவருகிறார். ஜெனி எப்போதும்போலச் சொல்லுகிறாள், "கூட வந்தவங்க வெளிய இருங்க." அண்ணன் வெளியே வந்து என் பக்கத்தில் உட்காருகிறார். அவள் கதவைச் சாத்துகிறாள்.

உடனே உள்ளிருந்து அலறல் வரும்.

"டாக்டரம்மா... அவ வெளிய போவலியே..."

நான் பெஞ்சைத் தடவிப் பார்ப்பேன், கண்ணுகளா.

காய்ந்துதான் கிடக்கும்.