ஓட்டுநரின் ஒத்திகை

அவள் ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருடமாக லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவதால், கடையில் அவளுக்கு 'அரைமில்லி' என்றே பெயர். வருடத்துக்குப் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, தங்கையோடும் ஒரு சின்ன கேமராவோடும் முன்பின் தெரியாத ஊருக்குக் கிளம்பிவிடுவாள். ஏரி, மலை, சிலை எதையும் எடுக்கமாட்டாள். காற்றில் திரும்பிக்கொண்ட குடையோடு மல்லுக்கட்டும் தபால்காரர், தன் கொட்டாவிக்குத் தானே திடுக்கிடும் காசாளர் என்று, யாரும் பார்க்கவில்லை என நினைக்கிற மனிதர்கள்தான் அவளுக்கு வேண்டும்.

எடுத்த கையோடு அவர்களிடமே போய்ப் படத்தைக் காட்டுவாள். வேண்டாம் என்றால் அவர்கள் கண்முன்னாலேயே அழித்துவிடுவாள். முன்கூட்டிக் கேட்டால் ஆட்கள் விறைத்துப்போகிறார்கள், சொல்லாமல் வைத்துக்கொண்டால் அது திருட்டு என்பது அவள் கட்சி.

"என்னைக்காவது யார்கிட்டயாவது நல்லா வாங்கிக் கட்டிக்கப் போற," என்பாள் தங்கை.

போன வருடப் பயணத்தில் ஒரு பேருந்துப் பணிமனையில் அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தார்கள். ஓரமாக நின்ற காலிப் பேருந்துக்குள், சீருடை போட்ட ஓட்டுநர் ஒருவர் இருக்கைகளைப் பார்த்தபடி நின்று, கையில் ஒரு தாளோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் கைதட்டலுக்கு இடம்விட்டு, லேசாகத் தலை வணங்கிவிட்டுத் தொடர்ந்தார். சாய்ந்த வெயில் அவர் முகத்தில் பாதியை மட்டும் தொட்டது. படியருகே நின்று பேச்சு முடியும்வரை கேட்டிருந்து, கடைசியாக அவர் தலை வணங்கியபோது ஒரே ஒரு படம் எடுத்தாள். தான் இதுவரை எடுத்ததிலேயே இதுதான் சிறந்தது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

படியேறிப் போய், பேச்சை முழுசும் கேட்டதாகச் சொல்லிப் படத்தைக் காட்டினாள். ஓட்டுநர் கூச்சத்தில் நெளிந்தார்.

"நாளைக்கு ரிட்டையர் ஆகறேன்மா. பேசச் சொல்லியிருக்காங்க. முப்பத்தோரு வருஷமா ஜனங்களுக்கு முதுகைக் காட்டியே பழகிட்டேன். முகத்தைப் பார்த்துப் பேசணும்னா நாக்கு ஒட்டிக்குது. இந்தப் படம் வேணாம். டிப்போல பார்த்தா என்னையே ஓட்டித் தள்ளிடுவாங்க."

"சரிங்கய்யா," என்று அவர் பார்க்கவே அழித்தாள்.

"இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்திருக்கலாம்ல?" தங்கைக்கு மனசு ஆறவில்லை.

"அவர் முகம், அவர் இஷ்டம்."

அவர்கள் நாலடி நடப்பதற்குள் ஓட்டுநர் பின்னாலேயே இறங்கி வந்தார். "நாளைக்குக் காலைல பதினோரு மணிக்கு, இங்க கேன்டீன்ல. முடிஞ்சா வாங்க. என் பேச்சை முழுசா கேட்டது நீங்க ஒருத்தர்தான்."

தங்கையின் முறைப்பைப் பொருட்படுத்தாமல், அன்று அந்த ஊரிலேயே அறை எடுத்துத் தங்கினாள்.

மறுநாள் கேன்டீனில் கூட்டம் நிரம்பியிருந்தது. ஓட்டுநர் கம்பம் நட்ட மாதிரி நின்று வாசித்தார். இரண்டு தடவை கேமராவைத் தூக்கிவிட்டு இறக்கினாள். அங்கே படமே இல்லை. திரும்பிப் பார்த்தாள். முன்வரிசையில் அவர் மனைவி, மடியில் கைப்பையோடு, கணவரை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருந்தார். கணவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்த அம்மாளின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. ஓர் இடத்தில் தாளில் வரி தவறி, ஓட்டுநர் தடுமாறி நின்றார். மனைவியின் வாய் அடுத்த சொல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே காத்திருந்தது. அவர் அந்த வாயைப் பார்த்தார், சொல் கிடைத்தது, பேச்சு ஓடியது. அந்தக் கணத்தை அவள் எடுத்துவிட்டாள்.

கூட்டம் முடிந்ததும் இருவருக்கும் காட்டினாள்.

"எப்ப எடுத்தீங்க? தெரியவே இல்லையே," என்றார் மனைவி.

"தெரிஞ்சிருந்தா வாயை மூடியிருப்பீங்க."

ஓட்டுநர் படத்தையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு எப்படி இவ்வளவும் மனப்பாடம்?"

"ஒரு மாசமா குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டுக் கத்தினா, வெளிய இருக்கறவளுக்குக் காது கேக்காதா?"

தங்கைதான் முதலில் சிரித்தாள்.

"இதை வச்சுக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள் அரைமில்லி.

"வச்சுக்குங்க. எங்களுக்கும் ஒண்ணு பெருசா போட்டு அனுப்புங்க."

பிறகு ஓட்டுநர், தங்கள் இருவரையும் சேர்த்து நிற்கவைத்து ஒன்று எடுக்கச் சொன்னார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதையும் எடுத்துக் கொடுத்துவிட்டு, மதிய வண்டியில் ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து அவள் உட்கார்ந்தாள்.