முதலில் தெரிந்தவள்

ஸ்கேன் அறைக்கு வெளியே காத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" அவள் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "டாக்டர் பார்த்துட்டுச் சொல்வாருங்க."

வீட்டில் இளையவள் என்பதால் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். நாற்பதைத் தாண்டியும் அது போகவில்லை. ஒரு நாள் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, "எங்க சின்னவள் இருக்காளா?" என்று கேட்டுவைக்க, அன்றிலிருந்து வேலை செய்யும் இடத்திலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய வளையம் போன்ற இயந்திரம். இந்தப் பக்கம் சின்னவளின் நாற்காலியும் திரையும். ரொட்டியைத் துண்டு போட்ட மாதிரி மனித உடம்பு குறுக்குவாட்டில் ஒவ்வொரு துண்டாகத் திரையில் நகரும். படத்துக்கு அர்த்தம் சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் வருஷக்கணக்காகப் பார்த்த கண்ணுக்குப் பல நேரம் தெரிந்துவிடும். படுத்திருப்பவருக்குத் தெரியாது, வெளியே காத்திருக்கும் பெண்டாட்டிக்குத் தெரியாது, டாக்டர் இன்னும் காபி குடித்துக்கொண்டிருப்பார். அவளுக்குத் தெரியும். கதவைத் திறந்து வெளியே வரும்போது, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள்.

கூட வேலை பார்ப்பவருக்குத் தத்துவம் என்று பட்டப்பெயர். ஓய்வு பெறும் வயது, ஓயாத வாய்.

"உன் வேலையும் கடவுள் வேலையும் ஒண்ணுதான்" என்பார். "எல்லாம் தெரியும், வாயைத் திறக்கறதில்லை. சரி, இதுக்குப் பதில் சொல்லு. நாளைக்கு நான் லீவு போடுவேன்னு அவருக்கு இன்னைக்கே தெரியும்னா, லீவு போடறது என் முடிவா, அவர் முடிவா?"

"யார் முடிவா இருந்தாலும் உங்களுக்கு லீவு கிடைக்காது சார்" என்பாள் சின்னவள்.

அக்காவுக்கு வயிற்றில் வலி. முதுகு வரைக்கும் போகிறது என்றாள். டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்கு எடுக்க வேண்டாம் என்று தத்துவம் சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. "நீயே எடு. வேற யாராவது மூச்சைப் பிடின்னு சொன்னா நான் பிடிக்கவே மாட்டேன்."

அம்மா போன பிறகு இவளைத் தூக்கி வளர்த்தவள் அவள். மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. சின்னவள் அவளைப் படுக்க வைத்து, கையில் ஊசி குத்தி, "மருந்து போகும்போது உடம்பெல்லாம் சூடா ஓடும், பயப்படாதே" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

துண்டுகள் நகர்ந்தன. கணையம் இருக்க வேண்டிய இடத்தில், ஓரம் பிசிறடித்த ஒரு கறுப்பு. ஈரலில் அங்கங்கே சின்னச் சின்னப் புள்ளிகள். பின்னால் வந்து நின்ற தத்துவம் திரையைப் பார்த்தார். அவர் வாயடைத்துப்போய் அவள் அன்றுதான் பார்த்தாள்.

அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட உதடு மாதிரி உள்ளே ஏதோ தடித்து மரத்துப்போயிருந்தது. கை மட்டும் அடுத்த பொத்தானை அழுத்தியது.

"என்னடி தெரிஞ்சுது?" அக்கா செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்.

"டாக்டர் பார்த்துட்டுச் சொல்வார்க்கா."

"பெரிய ஆபீசர் மாதிரி பதில் சொல்றா பாருங்க!" என்று அக்கா, கூட வந்திருந்த மாமாவைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டரைத் திங்கட்கிழமைதான் பார்க்க முடியும். சனிக்கிழமை சின்னவள் அக்கா வீட்டில் தங்கப் போனாள். சமையலறைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று மாமா வண்ண அட்டையை விரித்து வைத்திருந்தார். "பச்சையா, க்ரீமாம்மா?" என்று கேட்டார். "க்ரீம் போடுங்க மாமா, வெளிச்சமா இருக்கும்" என்றாள். தன் குரல் எங்கோ பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல இருந்தது.

அன்று முழுவதும் ஒரே யோசனைதான். எல்லாம் தெரிந்தவர் என்று ஒருவர் மேலே இருந்தால், அவர் எப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறார்? அவருக்கும் இப்படி மரத்துப்போயிருக்குமோ? சின்ன வயதில் சோறு ஊட்டும்போது அக்கா சொல்லும் கதைகள் நினைவுக்கு வந்தன. கதையின் முடிவு அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் கேட்பவள் கண் கலங்கினால், புலி வாயில் அகப்பட்ட மானைக்கூட வெளியே இழுத்துப் போட்டுவிடுவாள். கதை சொல்கிறவளுக்குக் கை இருந்தது. சின்னவளுக்கோ வெறும் கண்தான்.

ஞாயிறு காலை அக்கா ஏதோ சாக்குச் சொல்லி மாமாவைக் கடைக்கு அனுப்பினாள். பீன்ஸ் கூடையை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"உனக்குத் தெரியும்."

சின்னவள் ஒரு பீன்ஸை எடுத்து நார் உரித்தாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். உன் வேலைக்கு உலை வைக்கப் போறேனா? நான் சொல்றேன், நீ கேளு."

அக்கா சொன்னாள். வலி வந்து ரொம்ப நாளாகிறதாம். ராத்திரியில் தலையணையை வயிற்றோடு இறுக்கிக் குப்புறப் படுத்துக்கொள்வாளாம். சாப்பாடு இறங்குவதில்லை, மாமாவுக்குத் தெரியாமல் பாதியைக் கொட்டிவிடுவாளாம். உடை எல்லாம் தொளதொளத்துப் போனதில், உள்பக்கமாக ஊக்கு குத்திக் குத்தி அளவைக் குறைத்திருக்கிறாள். நல்ல வியாதியில்லை என்று அப்போதே பட்டுவிட்டதாம்.

வாரம் தவறாமல் பார்த்துப் பேசியவள் சின்னவள். ஓர் ஊக்குகூட அவள் கண்ணில் படவில்லை.

"ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?"

"விஷயம் தெரியாதவங்ககிட்ட சொன்னா முதல்லேர்ந்து சொல்லணும். அப்புறம் அவங்க அழுவாங்க, நான்தான் உட்கார்ந்து தேத்தணும். தெரிஞ்சவங்ககிட்ட சொல்றது சுலபம். தினம் கடவுள்கிட்ட அதனாலதானே சொல்றேன்."

"அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. பின்ன எதுக்குச் சொல்லணும்?"

"தெரியறது வேற, கேக்கறது வேறடி" என்றாள் அக்கா. "காம்பைக் கிள்ளு, அப்படியே போடறே பாரு."

திங்கட்கிழமை டாக்டர் சொன்னார். மாமா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி எழுந்திருக்கவே இல்லை. அக்காதான் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தாள். வைத்தியம் நடந்தது. இன்னும் இரண்டு முறை ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு முறையும் சின்னவள்தான் எடுத்தாள். மழைக்காலம் முடிவதற்குள், ஒரு மத்தியானம், தண்ணீர் கேட்டுவிட்டு அது வருவதற்குள் அக்கா போய்விட்டாள்.

சின்னவள் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "வளர்த்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, கல்நெஞ்சுக்காரி" என்று யாரோ கிசுகிசுத்தது காதில் விழுந்தது. உறைக்கவில்லை. அடுத்த வாரமே வேலைக்குத் திரும்பினாள்.

பழைய கேள்விக்குப் பழைய பதிலையே இப்போதும் சொல்கிறாள். ஆனால் சொல்லிவிட்டு உள்ளே ஓடிவிடுவதில்லை. வெளியே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்கிறாள். அவர்கள் ஏதாவது சொல்வார்கள்: மகளின் பரீட்சை, கிடைக்காத பஸ், தூங்காத ராத்திரி. இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். "கூட்டம் நிக்குது, நீ பெஞ்ச்ல கதை கேட்டுக்கிட்டிருக்கே" என்று தத்துவம் முணுமுணுப்பார். முணுமுணுத்துக்கொண்டே அடுத்த ஆளைப் படுக்க வைப்பார்.

ஞாயிறுகளில் மாமா வருவார். இருவரும் டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போது சின்னவள் சொன்னாள்.

"மாமா, ஸ்கேன் எடுத்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும்மா. அன்னைக்கு ராத்திரியே உங்க அக்கா சொல்லிட்டா. 'சின்னவள் மூஞ்சியைப் பார்த்தேன், விஷயம் பெரிசு. அவகிட்ட எதுவும் கேக்காதீங்க, பாவம்'னா."

"அப்போ அந்தப் பெயிண்ட்?"

"வேற என்னத்தைப் பேசறது அப்போ?"

பழத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை அவளிடம் நீட்டினார். அவள் ஒரு சுளையை வாயில் போட்டாள். நல்ல புளிப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது.