ருக்கோ, இருக்கு

எங்கள் காரேஜ் ஷாதிபூரில் ரோடு இறங்கி வளையும் இடத்தில் இருக்கிறது. எங்கள் என்று எழுதுவது பழக்கதோஷம். போர்டில் என் வீட்டுக்காரர் பெயர்தான் உண்டு. ஆனால் உள்ளே நிற்கும், வண்டி தூக்குகிற இரண்டு தூண் லிஃப்டை மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வரவழைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். என்னைப் பெற்ற அத்தா ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். நான் இங்கேயே பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தேன். கல்யாணமாகிப் போன வீட்டில் என்னைக் கிரீஸ் மருமகள் என்றுதான் சொல்வார்கள். முதலில் கேலியாகச் சொன்னார்கள், அப்புறம் வண்டி ரிப்பேரான அன்றைக்கெல்லாம் மரியாதையாகச் சொன்னார்கள்.

வேலையைப் பிரித்துக்கொண்டது எப்போது என்று நினைவில்லை. வருகிற ஆளிடம் பேசுவதும் லிஃப்ட் சுவிட்சை அமுக்குவதும் அவர். தரையில் படுத்து, லிஃப்டின் நான்கு கைகளையும் வண்டிக்கு அடியில் சரியான இடத்தில் கொண்டுபோய் வைப்பது நான். ஒல்லியான உடம்பு, எங்கே வேண்டுமானாலும் நுழையும். கை நுனியில் ஒரு ரப்பர் பேடு இருக்கும். அது வண்டியின் பலமான இடத்தில் உட்கார்ந்துவிட்டால் "இருக்கு" என்பேன். அவர் சுவிட்சை அமுக்குவார்.

நிறுத்துவதற்கு வேறு சொல். வங்காளிப் பையன்கள், தெலுங்குக்காரர்கள் என்று வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இந்தத் தீவில் இந்திதான். நிறுத்து என்பதற்கு எல்லோரும் "ருக்கோ" என்பார்கள், நானும் அதையே சொல்வேன். தமிழ் நாக்குக்கு ஒரு 'இ'யை முன்னால் போடாமல் 'ரு' வராது. ஒருமுறை ஒரு ஜீப்புக்கு அடியிலிருந்து நான் ருக்கோ என்றது அவருக்கு இருக்கு என்று கேட்டு, தூக்கிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தோம். அதிலிருந்து ருக்கோவின் கடைசி ஓவை நீட்டி இழுத்துச் சொல்லப் பழகினேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயம் அந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஒரு ரிசார்ட் முதலாளியுடையது. இந்தத் தீவில் இருக்கிற ரோட்டுக்கு அந்தக் கார் எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. காசு இருக்கிறவனுக்கு ஆசையும் இருக்கும். சிப்பிகாட் போகிற வழியில் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வயிறு இடித்து, அடித் தகடு தளர்ந்து கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. தூக்கித்தான் பார்க்க வேண்டும்.

தாழ்வான வண்டியைத் தூக்குவது பிடிவாதக்காரக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல. அவசரப்பட்டால் எல்லாம் கெடும். அதன் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் லிஃப்டின் கையே நுழையாது. அதனால் முதலில் படாக் மரப் பலகைகளைப் போட்டு, நான்கு சக்கரத்தையும் அவற்றின்மேல் மெதுவாக ஏற்றச் சொன்னேன். அப்போதுதான் கை உள்ளே போனது. என்ஜின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற வண்டி, பாரம் முழுக்கப் பின்பக்கம். பின் கைகள் இரண்டும் இம்மி பிசகக் கூடாது. பேடு உட்கார வேண்டிய இடம் உள்ளங்கை அகலம்தான், அதை ஒட்டியே பக்கவாட்டில் ஃபைபர் பட்டை ஓடுகிறது. பார்க்கத்தான் அழகு, பிஸ்கட் மாதிரி உடையும். சக்கரம் பலகையை விட்டு எழும்பியதும் நிறுத்தி, நான்கு பேடையும் மறுபடி பார்த்து, வண்டியை ஆட்டிப் பார்த்து, அப்புறம்தான் மேலே தூக்க வேண்டும்.

மூன்று பேடு உட்கார்ந்துவிட்டன. பின்னால் வலப்பக்கத்துப் பேடு மட்டும் பாதி பட்டைக்கு அடியில் கிடந்தது. தோள்வரை கையை உள்ளே விட்டு அதை நகர்த்திக்கொண்டிருந்தேன். முதலாளி லிஃப்ட் தூண் பக்கத்தில் நின்று இந்தியில் ஏதோ கேட்டார், என் வீட்டுக்காரர் சிரித்தார். பிறகு, "ஆச்சா புள்ள?" என்றார்.

ருக்கோ என்று கத்தினேன். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

படாரென்று பட்டை உடைந்தது. பேடு நழுவி, தூக்கிய வேகத்திலேயே வண்டியின் அந்த மூலை மட்டும் மறுபடி பலகையில் வந்து உட்கார்ந்தது. கையை எப்படி வெளியே இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தோல் உரிந்திருந்தது. பலகை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இதை எழுத எனக்கு வலது கை இருந்திருக்காது.

எழுந்து வந்தபோது என் வீட்டுக்காரர் முதலாளிக்கு இந்தியில் தமிழ்ப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தமிழில் 'இருக்கு' என்றால் 'ஹை' என்று அர்த்தம், இவள் இருக்கு என்று சொன்னாள், அதனால்தான் தூக்கினேன், இவள் ருக்கோ சொன்னாலும் அப்படித்தான் கேட்கும், என்ன செய்வது என்று கையை விரித்தார். பொம்பளையை எதற்கு வண்டிக்கு அடியில் படுக்க வைக்கிறீர்கள் என்று கேட்டார் முதலாளி. நான் கையில் ரத்தத்தோடு நின்று மன்னிப்புக் கேட்டேன். என் நாக்கின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பயத்தில் ஓவை இழுக்காமல் விட்டிருப்பேன் என்று நினைத்தேன்.

இது சின்ன ஊர். சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தம்மா கை வைக்காமல் இருந்தால் வண்டியை விடுகிறோம் என்று ஆட்கள் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்குக் கவுன்டரில் உட்கார் என்றார் அவர். உட்கார்ந்தேன். வேலை தெரிந்தவளுக்கு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. என் லிஃப்டில் வேறு எவனோ கோணலாகப் பேடு வைப்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சோறு வடிக்கும்போதெல்லாம் ரு, ரு, ருக்கோ என்று சொல்லிப் பழகினேன். அவர் அடுப்படி வாசலில் நின்று பார்ப்பார். "நாக்குதானே புள்ள, விடு" என்பார். பரோட்டா வாங்கி வருவார், கைக்கு மருந்து போட்டுவிடுவார். இவ்வளவு நல்ல மனுஷனுக்குக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டோமே என்று அழுதிருக்கிறேன். நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மின்னி பே பகுதியில் அவருடைய அக்கா வீட்டில், புதிதாகக் கட்டிய மாடிக்குக் குடிபோகிற விருந்து. ஆண்கள் ஹாலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வட்டலப்பத் தட்டை எடுத்துக்கொண்டு கதவோரம் வந்தேன். அவர் கார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளைப் போல நடித்துக் காட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

"ஆச்சா புள்ளங்குறேன். இவ அடியில கெடந்துக்கிட்டு ருக்கோஓஓ மச்சான், ருக்கோஓஓங்குறா. அந்த ஆளு என் மூஞ்சியையே பாக்குறான். பொண்டாட்டி சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிக்கிறான்னு நெனச்சிருவான்ல? அமுக்கிட்டேன்."

அவர் வாயில் என் குரல் அப்படியே இருந்தது. ஓ எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை கெட்டதுகூடத் தெரியாமல் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தது.

தட்டை அவர் முன்னால் வைத்தேன். "அப்ப ஒங்களுக்கு நல்லாத்தான் கேட்டிருக்கு" என்றேன்.

சிரிப்பு நின்றது. எல்லார் முன்னாலயும் ஆரம்பிக்காதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். திரும்பும் வழியில் ஸ்கூட்டரில் சமாதானம் பேசினார். கஸ்டமர் முன்னால் நான் வேறு என்ன சொல்ல முடியும், ஒரு வார்த்தைதானே என்றார். அமுக்கியதைக்கூட நான் மன்னித்திருப்பேன், திமிரில் எல்லோரும் செய்கிற தப்பு அது. ஆனால் நான் ரு, ரு என்று குழந்தை மாதிரி பழகியதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே, அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. துரோகம் என்று எழுதினாலும் குறைவாகத்தான் படுகிறது.

புதுப் பட்டை கப்பலில் வந்து சேர்ந்ததும் அந்தக் கார் திரும்பவும் வந்தது. நான் கவுன்டரை விட்டு எழுந்தேன். யாரும் தடுக்கவில்லை. பலகை போட்டேன், வண்டியை ஏற்றினேன், மூன்று பேடை வைத்தேன். நான்காவதை வைக்காமல் எழுந்து போய்ச் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"கடைசிப் பேட நீங்க வைங்க மச்சான். போய்ப் படுங்க."

அவர் சிரித்தார். வங்காளிப் பையனைக் கூப்பிடப் போனார். அவன் வேண்டாம், நீங்கள்தான் என்றேன்.

"என்ன புள்ள, வெளையாடுறியா?"

"இருக்குன்னு நீங்க சொன்னாத்தான் அமுக்குவேன். எனக்கு நல்லாக் காது கேக்கும்."

அவர் காரைப் பார்த்தார். பிறகு சுவிட்சின் மேல் இருந்த என் விரலைப் பார்த்தார். அத்தனை வருஷம் ஒரு தடவைகூட யோசிக்காமல் நான் படுத்த தரை அது. அவர் படுக்கவில்லை.