பிடுங்கிய ப்ளக்

இதை என் மனைவியிடம்கூட இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

கல்லூரி நாட்களில் ராப்பகலாக கேம் ஆடிய கம்ப்யூட்டரை, எடமலைப்பட்டி புதூர் வீட்டுப் பரணிலிருந்து போன மாதம் இறக்கினேன். பத்து வயது மகளுக்கு என் பழைய கார் ரேஸைக் காட்டிவிட ஆசை. சுவிட்சைப் போட்டால் மானிட்டர் உறுமியதே தவிர, படம் வரவில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிவி மெக்கானிக் ஒருவர் வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்குத்தான் பொறுமை இல்லை. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு மானிட்டரின் பின்மூடியைக் கழற்றினேன். ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தது.

"எடுக்கட்டுமாப்பா?" என்றாள் மகள்.

"எடும்மா. கரண்ட் இல்லை, ஒண்ணும் ஆகாது."

அவள் கை உள்ளே போனதும் வாசலில் மெக்கானிக்கின் குரல்.

"பாப்பா, எதையும் தொடாத! மெதுவா கையை வெளிய எடு."

அப்போதுதான் பார்த்தேன். படக்குழாயின் மேல் ஒரு கறுப்பு ரப்பர் மூடி. அதற்கும் அவள் விரல்களுக்கும் நாலு விரற்கடைதான் இடைவெளி.

செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்தவர், ஒயரின் ஒரு முனையை மானிட்டரின் உலோகச் சட்டத்தில் மாட்டி, மறுமுனை கட்டிய ஸ்க்ரூடிரைவரை அந்த மூடிக்கு அடியில் செருகினார். 'டப்' என்று நீலப்பொறி தெறித்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள். நான் அவளைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"ப்ளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட் நிக்கும் சார்," என்றார். திட்டியிருந்தால் தேவலை.

மாலைக்குள் மானிட்டரைச் சரிசெய்து கொடுத்தார். கார் ஓடியது.

"அப்பா, பாருங்க, ஜெயிச்சுட்டேன்!" என்று மகள் கத்தினாள்.

நான் திரையைப் பார்க்கவில்லை. கீபோர்டில் ஓடிய அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றும் அவள் ஆட உட்கார்ந்தால் என் கண் அங்கேதான் போகிறது.