கிராணியோட நாற்காலி

இடுப்பு மூட்டு மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்து மூணு நாளாச்சு. மாத்திரை மயக்கத்துலேயே கிடக்கேன். ஜன்னல் வழியா பனி வந்து கட்டில்ல உட்கார்ந்துட்டுப் போகுது. தூக்கத்துல என் விரல் போர்வையில தேயிலைக் கொழுந்து கிள்ளுது.

தாழ்வா உட்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால, வீட்டுக்காரர் எஸ்டேட் ஆபீஸ்ல உயரமான நாற்காலி ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தார்.

இன்னைக்குக் காலையில ஆபீஸ்ல எங்க கணக்கு எழுதுற கிராணி என்னைப் பார்க்க வந்தார். இருபது வருஷமா அவர் முன்னாடி நின்னே பழக்கம், நாற்காலியில இருந்து பதறி எழுந்திரிக்கப் போனேன்.

"அசையாம உட்காரும்மா!"

"நீங்க உட்கார நாற்காலி இல்லையே ஐயா."

"என் நாற்காலியிலதான் நீ உட்கார்ந்திருக்கியே லா."

கிராணி நிக்கிறார், நான் உட்கார்ந்திருக்கேன். கனவான்னு தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். நல்ல தொடையைத்தான்.

ஆறு வாரம் இந்த நாற்காலியிலதான் உட்காரச் சொல்லியிருக்காங்க. ஏழாவது வாரமும் வலிக்குதுன்னு சொன்னா பாவமா?